“சும்மா பேசுறதுக்கா இவ்வளவு சம்பளம்?”

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போன வாரம் ஒரு விவாதம். அமெரிக்காவில் வீடியோ கேம்களுக்குக் குரல் கொடுக்கும் கலைஞர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த கதையை யாரோ பகிர்ந்திருந்தார்கள். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு மாணவர் அதன் கீழே எழுதினார்: “மைக் முன்னாடி நாலு மணி நேரம் சும்மா பேசுறதுக்கு 800 டாலர். இதுல ஸ்ட்ரைக் வேற. ஏஐ வந்தாச்சு, இனி இவங்க யாருமே தேவையில்ல.” பதினான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் ஒன்பது பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

தம்பி, உன் பெயரை இங்கே போடவில்லை. நல்ல பிள்ளை நீ, கணக்கில் கெட்டிக்காரன். அதனால்தான் கணக்கோடு பதில் சொல்கிறேன். ஆனால் அந்த “சும்மா” என்ற சொல்லை மட்டும் என்னால் விட முடியவில்லை.

நான் கேம் ஆடுபவள் இல்லை. பேத்தி ஆடுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு பார்ப்பேன். அப்படித்தான் ‘ஹொரைசன்’ கேமில் வரும் அலாய் என்ற பெண் எனக்கு அறிமுகமானாள். தாய் யாரென்று தெரியாததால் கூட்டம் ஒதுக்கிவைத்த பிள்ளை. வில்லும் அம்பும் வைத்துக்கொண்டு இயந்திர மிருகங்களோடு சண்டை போடுகிறாள். நாலைந்து நாள் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. திரையில் இருப்பது பொம்மை. அந்தப் பொம்மை மேல் எனக்கு ஏன் பாசம் வருகிறது? பேத்தியிடம் கேட்டேன். “அது ஆஷ்லி பர்ச் பாட்டி” என்றாள்.

அதன் பிறகு நானே தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை.

ஆஷ்லி பர்ச் 1990-ல் பிறந்தவர், அமெரிக்கர். அண்ணன் ஆண்டனியோடு சேர்ந்து வீட்டிலேயே கேம்களைக் கிண்டல் செய்து சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து இணையத்தில் போட்டுத்தான் ஆரம்பித்தார். 2012-ல் வந்த ‘பார்டர்லேண்ட்ஸ் 2’ கேமில் டைனி டீனா என்ற பதின்மூன்று வயதுச் சிறுமியாகப் பேசினார். வெடிகுண்டு செய்யும் அரைப்பைத்தியச் சிறுமி. 2015-ல் ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ கேமில் அப்பாவைக் கார் விபத்தில் இழந்த, நீல முடி வைத்த குளோயி. அதற்கு அந்த வருடம் கோல்டன் ஜாய்ஸ்டிக் விருது கிடைத்தது. 2017-ல் அலாய். அனிமே பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொன்னால் உடனே புரியும்: ‘அட்டாக் ஆன் டைட்டன்’ ஆங்கில வடிவத்தில் சாஷாவாகப் பேசியவர் இவர்தான். பயிற்சி அதிகாரி கொலைவெறியோடு முன்னால் நிற்கும்போது அவித்த உருளைக்கிழங்கை நிதானமாகத் தின்பாளே, அந்தப் பெண். ஜப்பானிய மூலத்தில் அந்தப் பாத்திரத்துக்கு யூ கோபயாஷி.

டீனா, குளோயி, சாஷா, அலாய். நான்கையும் யூடியூபில் அடுத்தடுத்துக் கேட்டுப் பார். ஒரே தொண்டைதான். நான்கு வீட்டுப் பிள்ளைகள்.

இதைவிட முக்கியமான ஓர் இடம் இருக்கிறது. எனக்கு இந்தப் பதிவு எழுதத் தோன்றியதே அதனால்தான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலாய்க்கு முகம் கொடுத்தவர் ஹன்னா ஹூக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்து நடிகை. உடல் அசைவுக்கு வேறு ஒரு நடிகை. குரல் மட்டும் பர்ச். கதைப்படி அலாய் என்பவள் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எலிசபெத் சோபெக் என்ற விஞ்ஞானியின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்டவள். அந்த விஞ்ஞானியின் பழைய பதிவுகள் கேமில் வரும். அவருக்கும் பர்ச்தான் குரல். நடுத்தர வயது, களைப்பு, பொறுப்பு எல்லாம் அந்தக் குரலில் இருக்கும். 2022-ல் வந்த இரண்டாம் பாகம் ‘ஃபர்பிடன் வெஸ்ட்’. அதில் அதே மரபணுவிலிருந்து வந்த இன்னொரு பெண் வருகிறாள், பீட்டா. அவளுக்கும் பர்ச்சே.

யோசித்துப் பார். அலாய்க்கும் பீட்டாவுக்கும் ஒரே முகம், ஒரே வயது, ஒரே உடல். கதையே அப்படித்தான், குரலும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். டைனி டீனாவுக்குச் செய்ததுபோல் கீச்சுக்குரல் வைத்துத் தப்பிக்க வழியில்லை. ஒருத்தி காட்டில் அடிபட்டு வளர்ந்து யாருக்கும் பயப்படாதவள். இன்னொருத்தி அன்பே இல்லாத இடத்தில் அடைபட்டு வளர்ந்து, யார் பேசினாலும் திடுக்கிடுகிறவள். இருவரும் ஓர் அறையில் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். யார் பேசுகிறார்கள் என்பதில் ஒரு தடவைகூட எனக்குக் குழப்பம் வரவில்லை. வாக்கியம் முடிவதற்கு முன்பே பீட்டாவின் மூச்சு தீர்ந்துவிடுகிறது. கேள்வியே கேட்காதபோதும் மன்னிப்புக் கேட்பதுபோல் இழுக்கிறாள். அலாய் பேசும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல் தரையில் காலூன்றி நிற்கிறது.

பேத்தி சொன்னாள், கேம் பதிவுகளில் பெரும்பாலும் நடிகர் தனியாகத்தான் நிற்பாராம். எதிரே பதில் சொல்ல ஆள் இருக்காது. நாடகம்போல் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை வரிசையாகவும் வராது. எக்செல் தாளில் வரி வரியாக வசனம். ஆடுகிறவன் இந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வசனம், அந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தால் வேறு வசனம், எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். மரம் ஏறும்போது ஒரு முனகல், அடி விழும்போது ஒன்று, உயரத்திலிருந்து விழுந்து சாகும்போது ஒன்று, தீயில் வெந்து சாகும்போது ஒன்று. சாவிலேயே இத்தனை வகை, ஒவ்வொன்றையும் நாலைந்து விதமாக. கத்தும் வசனங்களைக் கடைசியில் வைப்பார்களாம். முதலில் வைத்தால் அதற்குப் பிறகு பேசக் குரல் இருக்காது.

இதைத்தான் தம்பி, நீ “சும்மா” என்கிறாய்.

என் கதை ஒன்று சொல்ல வேண்டும், மன்னிக்கவும். 34 வருடம் நான் பிழைத்தது இந்தத் தொண்டையில்தான். வகுப்புக்கு அறுபது பிள்ளைகள், தடதடவென்று ஓடும் மின்விசிறி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. மைக் கிடையாது. 47 வயதில் ஒருநாள் காலை எழுந்தபோது குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் மருத்துவர். கையில் காய்ப்புக் காய்ப்பதுபோல் அங்கேயும் காய்க்குமாம். பெண்கள் சாதாரணமாகப் பேசும்போதே அந்த நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன, கத்தினால் அதற்கும் மேலே என்று விளக்கினார். மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். விடுப்புக் கடிதத்தோடு போனேன். அப்போது எனக்கு மேலே இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்: “பேசுறதுக்கெல்லாம் மெடிக்கல் லீவா டீச்சர்?”

அவருக்கு அன்று பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. உனக்குச் சொல்கிறேன்.

2016-ல் அந்தக் கலைஞர்களின் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா என்ன கேட்டது தெரியுமா? கேட்டவற்றில் ஒன்று, தொண்டையை வருத்தும் பதிவுகளை நான்கு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள் என்பது. இன்னொன்று, எந்தக் கேமுக்குப் பேசுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்பது. ஆம், அதைக்கூடச் சொல்லாமல் ஏதோ ஒரு ரகசியப் பெயரைக் கொடுத்துக் கூப்பிட்டுப் பேசவைத்துக்கொண்டிருந்தார்கள். கதையும் தெரியாது, பாத்திரம் என்ன செய்யப்போகிறது என்பதும் தெரியாது. வந்து கத்திவிட்டுப் போ. கூலிக்கு ஆள் எடுக்கிறவர்கூட எந்தத் தோட்டத்துக்கு என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றுவார்.

இப்போது உன் 800 டாலருக்கு வருவோம். சரியான தொகை 825 டாலர் 50 சென்ட். 2016-ல் நான்கு மணி நேர அமர்வுக்கு சங்கம் நிர்ணயித்திருந்த அடிப்படை ஊதியம் அது. மாதச் சம்பளம் அல்ல. ஓர் அமர்வு முடிந்தால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதில் ஏஜெண்டுக்கு ஒரு பங்கு, வரி வேறு.

சங்கம் கேட்ட கூடுதல் பணம் இவ்வளவுதான்: ஒரு கேம் 20 லட்சம் பிரதி விற்றால் இன்னும் ஓர் அமர்வுக்கான அடிப்படை ஊதியத்தைக் கொடுங்கள். 40 லட்சத்துக்கு இன்னொன்று, 60 லட்சத்துக்கு இன்னொன்று, 80 லட்சத்துக்கு இன்னொன்று. அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்கு தடவை 825 டாலர் 50 சென்ட் என்றால் 3,302 டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ மூன்று லட்சம். அலாய் வந்த முதல் கேம் 2021 முடிவதற்குள் இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. இந்த மாதிரி ஒரு விற்பனையில், 80 லட்சத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு பிரதிக்கும் சங்கம் கேட்டது பூஜ்யம். நீ வகுப்பில் சதவீதக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன், போட்டுப் பார்.

கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2016 அக்டோபர் 21 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 11 மாதம் ஓடியது. 2017 செப்டம்பரில் உடன்பாடு வந்தபோது கிடைத்தது விற்பனைப் பங்கு அல்ல, அமர்வுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு போனஸ். முதல் அமர்வுக்கு 75 டாலரில் ஆரம்பித்து, பத்து அமர்வு செய்தால் மொத்தம் 2,100 டாலர். கேம் இரண்டு கோடி விற்றாலும் அதே, இரண்டாயிரம் விற்றாலும் அதே. தோல்வி என்றே சொல்வேன். ஆனால் அடிப்படை ஊதியத்துக்கு மேல் ஏதோ ஒன்று கொடுத்தாக வேண்டும் என்பதைத் தாளில் எழுதவைத்துவிட்டார்கள்.

அந்த 11 மாதத்தில் பர்ச் இழந்தது வேறு. குளோயியின் பதினாறு வயதுக் கதையைச் சொல்லும் ‘பிஃபோர் த ஸ்டார்ம்’ என்ற முன்கதைக் கேம் 2017 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. வேலைநிறுத்தம் நடந்ததால் பர்ச் அதில் பேச முடியவில்லை. தனக்கு விருது வாங்கித் தந்த பாத்திரத்துக்கு ரியானா டிவ்ரீஸ் என்ற வேறு நடிகை பேசினார். எழுத்துக்கு ஆலோசகராக மட்டும் பர்ச் இருந்தார். வேலைநிறுத்தம் முடிந்தது அடுத்த மாதமே. 2018-ல் அந்தக் கேமோடு வந்த ஒரு கூடுதல் அத்தியாயத்தில்தான் திரும்பவும் குளோயியாகப் பேசினார்.

நீ எழுதிய “ஸ்ட்ரைக் வேற” என்பதன் விலை இது. நாங்கள் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளம் பிடித்தார்கள், சிலரை வேலையை விட்டே எடுத்தார்கள். ஆனால் நான் வளர்த்த பிள்ளைகளைத் தூக்கி என் கண்முன்னே வேறொருத்தியிடம் கொடுத்து ‘இனி இவங்கதான் அம்மா’ என்று யாரும் சொல்லவில்லை. டிவ்ரீஸைக் குறை சொல்லவில்லை, அவரும் நன்றாகத்தான் செய்தார் என்று பேத்தி சொல்கிறாள்.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கம்பெனிகள் சொன்னதும் அதுதான். “ஒரு கேம் செய்ய நூற்றுக்கணக்கான புரோகிராமர்கள், ஓவியர்கள் மூன்று நான்கு வருடம் ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். அவர்களுக்கே விற்பனையில் பங்கு இல்லை. சில நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவருக்கு எதற்கு?”

இது வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். அந்த நூறு பேரில் ஒருவனாக நீ உன்னை நினைத்துக்கொள்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர் யார் என்று பார். புரோகிராமருக்குப் பங்கு கொடுக்காமல் வைத்திருப்பவரேதான் ‘புரோகிராமருக்கே இல்லையே’ என்று வருத்தப்படுகிறார். மூத்த மருமகளுக்கு நகை போடாத மாமியார், ‘பெரியவளுக்கே போடலையே’ என்று சின்னவளுக்கு மறுப்பதுபோல. மூத்தவள் சின்னவளோடு சண்டை போட்டால் மாமியாருக்குத்தானே லாபம்? அங்கே கேம் செய்கிறவர்களுக்கு இது விளங்க ஆரம்பித்துவிட்டது. ‘கால் ஆஃப் டியூட்டி’க்கு வேலை செய்யும் ரேவன் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் பிழை சோதிக்கும் தொழிலாளர்கள் 2022-ல் ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். நீ நடிகை பக்கம் நிற்க வேண்டாம், உன் பக்கமாவது நில்.

கேமுக்காவது ஒரு சங்கம், ஓர் ஒப்பந்தம் இருந்தது. அனிமே டப்பிங் பக்கம் போனால் அதுவும் பெரும்பாலும் இல்லை. ஆங்கில டப்பிங்கில் பெரும்பகுதி டெக்சாஸில், சங்க ஒப்பந்தத்துக்கு வெளியே நடக்கிறது. 2022-ல் ‘ஜுஜுட்சு கைசென் 0’ படம் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடியது. வட அமெரிக்காவில் மட்டும் மூன்று கோடி டாலருக்கு மேல் வசூல். அதில் ரிக்காவாகப் பேசிய அனாய்ரிஸ் கினியோனெஸ், தனக்குக் கிடைத்தது 150 டாலர் என்று பொதுவெளியில் எழுதினார். ஆம், நூற்று ஐம்பது. அதே வருடம் ‘மாப் சைக்கோ 100’ தொடரின் நாயகனுக்குப் பேசிவந்த கைல் மெக்கார்லி, அடுத்த பாகங்களுக்காகச் சங்கத்தோடு உட்கார்ந்து பேச மட்டுமாவது சம்மதியுங்கள் என்று கேட்டார். க்ரஞ்சிரோல் நிறுவனம் சம்மதிக்கவில்லை. அவர் மூன்றாம் பாகத்தில் பேசவில்லை.

அனிமேயின் தாய்வீடான ஜப்பானில் ஊதியத்துக்குப் படிநிலை வைத்திருக்கிறார்கள். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு அரை மணி நேர அத்தியாயத்துக்கு 15,000 யென். ஒரு வரி பேசினாலும் அதே, நூறு வரி பேசினாலும் அதே. இந்த ஒழுங்கும் மறுஒளிபரப்புக்குக் கிடைக்கும் பணமும் தானாக வந்துவிடவில்லை. 1973-ல் அங்கே குரல் கலைஞர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் ஊர்வலம் போனார்கள். சாந்த சுபாவம் என்று நாம் நினைக்கும் ஜப்பானியர்கள்!

என் பக்கத்துக்குச் சங்கடமான ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ தேடி எடுத்துக்கொண்டு வருவாய். 2022 அக்டோபரில் ‘பேயனெட்டா’ கேமின் பழைய குரலான ஹெலனா டெய்லர் ஒரு வீடியோ போட்டார். மூன்றாம் பாகம் முழுவதற்கும் 4,000 டாலர்தான் தர முன்வந்தார்கள், அந்தக் கேமை வாங்காதீர்கள் என்றார். உலகமே கொதித்தது. சில நாளில் புளூம்பெர்க் செய்தி வந்தது: அந்தத் தொகை ஓர் அமர்வுக்கு, குறைந்தது ஐந்து அமர்வுகள் என்று. பிறகு டெய்லரும் தனக்கு முதலில் 10,000 டாலரும், அதன் பிறகு அதற்கு மேல் 5,000-மும் தர முன்வந்ததாக ஒப்புக்கொண்டார். முழு உண்மையை முதலிலேயே சொல்லாதது அவர் தவறு. அதற்குள் அந்த இடத்துக்கு வந்த ஜெனிஃபர் ஹேலை ரசிகர்கள் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருந்தார்கள். ‘மாஸ் எஃபெக்ட்’ கேமில் பெண் தளபதி ஷெப்பர்டாகப் பேசியவர் ஹேல், இந்தத் தொழிலில் மூத்தவர். பாவம்.

ஆனால் கவனி. கம்பெனிகள் நடிகர்களிடம் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கின்றன. யாருக்கு எவ்வளவு என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட பாதி உண்மைகள் காட்டுத்தீயாகப் பரவுகின்றன. சங்கம் நிர்ணயித்த அட்டவணை எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால் வதந்திக்கு இடமேது? டெய்லர் தனி ஆளாகப் போய் மோதினார், தடுமாறினார். எனக்கு அந்தக் கதை சங்கத்துக்கு ஆதரவாகத்தான் படுகிறது. உனக்கு வேறு மாதிரிப் பட்டால் எழுது.

கடைசியாக ஏஐ.

2024 ஜூலை 26 அன்று கேம் கலைஞர்களின் அடுத்த வேலைநிறுத்தம் தொடங்கியது. இந்த முறை முக்கியப் பிரச்சினை ஏஐதான். அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2025 மார்ச்சில், சோனி நிறுவனத்துக்குள் தயாரித்த ஒரு சோதனை வீடியோ வெளியே கசிந்தது. அதில் அலாய் பொம்மை, கேட்ட கேள்விக்கெல்லாம் கணினி செய்த குரலில் பதில் சொல்கிறது. நான் பார்த்தேன். வழி சொல்லும் செல்போன் அம்மாள் அலாய்க்கு வேஷம் போட்டதுபோல் இருந்தது.

பர்ச் அதற்குச் சொன்ன பதிலைப் பார், பதற்றமே இல்லை. கேமை உருவாக்கிய கெரில்லா நிறுவனம் தன்னிடம் பேசியது, தன் குரலோ நடிப்போ அதில் பயன்படுத்தப்படவில்லை, அது தயாரிப்பில் இருக்கும் கேமும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். அந்த நிறுவனத்தைக் குற்றம் சாட்டவில்லை. தன் பிழைப்பைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை. இந்தக் கலையைப் பற்றியும் இனி வரப்போகிறவர்களைப் பற்றியும்தான் கவலை என்றார். சங்கம் கேட்பவை மூன்று என்று விளக்கினார்: என்னைப்போல் ஒன்று செய்வதற்கு முன் என் சம்மதம் கேள், அதற்குக் கூலி கொடு, எதற்குப் பயன்படுத்தினாய் என்று சொல்.

இதில் எது பேராசை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என் வீட்டு ஏணியை எடுத்துப்போகிற பக்கத்து வீட்டுக்காரர்கூட இந்த மூன்றில் இரண்டைச் செய்கிறார்.

2025 ஜூனில் வேலைநிறுத்தம் நின்றது. ஜூலையில் ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் 95 சதவீதம் பேர் ஏற்றார்கள். உடனடியாக 15 சதவீதத்துக்கு மேல் ஊதிய உயர்வு. கணினி நகல் செய்யச் சம்மதம் வாங்க வேண்டும், விவரம் சொல்ல வேண்டும். அடுத்த முறை வேலைநிறுத்தம் வந்தால், அந்தக் காலத்துக்கு நகலை வைத்துப் புதிதாக எதுவும் செய்யக் கூடாது என்று கலைஞர் தன் சம்மதத்தை நிறுத்திவைக்கலாம். கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. இல்லாவிட்டால் தன் குரலின் நகலே தனக்கு எதிராகக் கருங்காலி வேலை பார்க்கும் அல்லவா? 2024 அக்டோபரில் ஜப்பானிலும் 26 குரல் கலைஞர்கள் சேர்ந்து, அனுமதி இல்லாமல் எங்கள் குரலை ஏஐயில் போடாதே என்று பிரசாரம் தொடங்கினார்கள்.

நகலால் என்ன செய்ய முடியும் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாளைக்கு அது இன்னும் நன்றாகப் பேசும். பர்ச்சின் குரலின் நிறத்தை அப்படியே கொண்டுவரும். ஆனால் பீட்டாவுக்கும் அலாய்க்கும் குரலின் நிறம் ஒன்றேதான் என்று மேலே சொன்னேனே. அப்படியானால் அங்கே வித்தியாசம் செய்தது எது? பயந்த பிள்ளை எப்படி மூச்சு விடும் என்று ஒரு மனுஷிக்குத் தெரிந்திருந்தது. அதை நாளை இயந்திரம் காட்டினாலும், யாரோ ஒருத்தி கூண்டுக்குள் தனியாக நின்று செய்து காட்டியதிலிருந்துதான் அது கற்றிருக்கும். அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு காசு கொடுக்காமல் எடுத்திருந்தால் அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பையன் பேனாவை எடுத்ததற்கு நான் உன்னை முட்டி போடவைத்தபோது அந்தச் சொல்லைத்தான் சொன்னேன்.

நம் வீட்டுக்கும் இது தூரமில்லை. ‘ராஜா ராணி’யில் நயன்தாரா அழும்போது நாம் எல்லோரும் அழுதோம். அழுதது தீபா வெங்கட்டின் குரல். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

தம்பி, நீ எழுதும் கோடையும் இப்போது ஏஐ எழுதுகிறதாமே. உன் கம்பெனியில் யாராவது “சும்மா டைப் அடிக்கிறதுக்கா இவ்வளவு சம்பளம்” என்று கேட்டால் எனக்கு ஒரு போன் போடு. அப்போதும் உன் பக்கம்தான் பேசுவேன், தொண்டை ஒத்துழைத்தால்.

அதுவரைக்கும் ஒரு வீட்டுப்பாடம். ஃபர்பிடன் வெஸ்டில் அலாயும் பீட்டாவும் பேசும் காட்சிகள் யூடியூபில் இருக்கின்றன. ஹெட்போன் போட்டுக்கொள், கண்ணை மூடிக்கொள். யார் யார் என்று கண்டுபிடிக்க எத்தனை நொடி ஆனது என்று குழுவில் எழுது. சிரிப்புப் பொம்மை போட்ட மற்ற எட்டுப் பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி வரை நேரம்.